ஒன்பதாவது பெயர்

ஜூன் 16, திங்கள்

புது இடம். வீடு என்றுதான் ஏஜென்சியில் சொன்னார்கள். வந்து பார்த்தால் கோட்டை. கோட்டை என்றால் யாரும் பொறாமைப்பட வேண்டாம். கூரை ஒழுகுகிற இடங்களில் நான்கு வாளி வைத்திருக்கிறார்கள். சூடு இருப்பது ஒரே ஒரு அறையில். சுவரெல்லாம் மான் தலை. பஸ் நிற்கும் இடத்துக்கு ஆறு மைல்.

நான் பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஹெக்டர் மெக்டோரின், வயது எண்பத்து நான்கு. மெக்டோரின் என்கிற குலத்துக்கு இவர்தான் தலைவர். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பழுதில்லை. தொண்டைதான் சரியில்லை, அதனால் டீயில்கூட மாவு கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும். அவர் அந்த டீயைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் டீக்கே அழுகை வரும்.

இங்கே எல்லோரும் அவரை மிஸ்டர், சார் எதுவும் இல்லாமல் வெறுமனே "மெக்டோரின்" என்கிறார்கள். தலைவரை அப்படி அழைப்பதுதான் மரியாதையாம். எண்பத்து நாலு வயது மனிதரை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஐயா என்றேன். என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். "சரி, அதையே வச்சுக்கோ" என்றார்.

குளியல், மாத்திரை, சாப்பாடு, மனநிலை என்று ஆபீஸ் குறிப்பேட்டில் எழுத வேண்டியதை எழுதியாயிற்று. இது என் சொந்த நோட்டு. இங்கே இருப்பவர்கள் பேசுவது இங்கிலீஷ்தான். ஆனால் நான் அதை நம்ம ஊர்ப் பேச்சாகவே எழுதப்போகிறேன். பகல் முழுக்க இங்கிலீஷ் பேசுவது போதாதா, நோட்டிலுமா?

ஜூன் 17, செவ்வாய்

முதுகு வலி. மழை.

ஜூன் 19, வியாழன்

ஐயாவின் மகள் இஷ்பெல் வந்தாள். அறுபது வயது. நிமிர்ந்த நடை, நின்றபடியே சாப்பிடுகிறவள். அப்பாவுக்குப் பிறகு அவள்தான் தலைவி. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி குலத்துக்காரர்களின் கூட்டம். கனடா, நியூசிலாந்து எங்கிருந்தெல்லாமோ நானூறு பேர் வருகிறார்கள். அன்றைக்குக் கோட்டைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நின்றுகொண்டு, இன்னார் மகன் இன்னார் என்று தன் முன்னோர்களைத் தலைவர் வாயால் சொல்ல வேண்டும். பதினைந்து பெயர். தாளைப் பார்த்துச் சொல்லக் கூடாது. எழுபது வருஷமாகப் பாடமாக இருந்தது பக்கவாதத்துக்குப் பிறகு நடுநடுவே அறுந்துபோகிறதாம்.

"நான் தாள் பாத்துப் படிச்சிருதேன்ப்பா" என்றாள் இஷ்பெல்.

"பாத்துப் படிக்கதுக்கு தலைவன் எதுக்கு? தபால்காரன் போதுமே."

கடைசியில் என் தலையில் விழுந்தது. தினமும் அவரைச் சொல்ல வைத்துப் பழக்க வேண்டும். கூட்டத்தன்று நான் பின்னால் நின்று, அவர் தடுமாறினால் காதில் எடுத்துக் கொடுக்க வேண்டும். உரலுக்கு ஒரு பக்கம்தான் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கம்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் முகம் துடைத்துவிடும்போதே ஆரம்பித்துவிடுகிறோம். "ஹெக்டர், யூவன் மகன். யூவன், ஆர்ச்சிபால்டு மகன். ஆர்ச்சிபால்டு, லாக்லன் மகன்." அவர்கள் பழைய பாஷையில் மகனுக்கு "மாக்" என்று சொல்கிறார்கள். எனக்கு மனப்பாடம் செய்ய வசதியாகப் போயிற்று. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்க வைப்பதுபோல வைக்கிறேன். நாலாவது பெயர்வரை ஓடுகிறார். அப்புறம் சறுக்கல்.

என் குலப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்கு அப்படிக் கிடையாது, பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து, கல்யாணமானால் வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்து என்றேன். நான் சாமுவேல் மகளாக இருந்தவரை சா. பியூலா. இப்போது த. பியூலா. த. என்றால் தங்கதுரை.

"அப்போ ஒங்க பேரு ஒரு தலைமுறைதான் ஓடுமா?"

"ஆமாய்யா. மறு தலைமுறைக்கு வேற எழுத்து."

"ஆதியில நாங்களும் அப்படித்தான். குலப் பேரெல்லாம் பெறவு வந்தது" என்றார். "ஒன் வீட்டுக்காரரு எங்க இருக்காரு?"

மஸ்கட்டில் என்றேன்.

சாயங்காலம் என் மகள் ஜெபிஷா கூப்பிட்டாள். அடுக்களை ஜன்னலோரம் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது. தூத்துக்குடியில் விடுதியில் இருந்து பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு நிமிஷம் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"எம்மா, பப்ளிக் பரீட்சைக்குப் பேரு ஏத்துதாங்க. என் இனிஷியல மாத்தணும். த. வேண்டாம், ஒன் பேரப் போட்டு பி. ஜெபிஷான்னு. நீ கையெழுத்துப் போட்டா போதும்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. ஆகஸ்ட் பதினாலு கடைசி."

"த.வுக்கு என்னளா கொறஞ்சு போச்சு?"

"நீ போடுவியா மாட்டியா?"

பார்க்கலாம் என்றேன். பிள்ளைகளுக்கு இந்த வயசில் ஏதாவது ஒரு கிறுக்கு பிடிக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

ஏழு பெயர் வந்துவிட்டது. ஹியூ என்பவர்வரை சறுக்காமல் சொன்னார். நான் கை தட்டினேன். அவரும் வலது கையால் முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

நீல் எட்டாவது பெயர், டொனால்டு ஒன்பதாவது. "நீல், டொனால்டு மகன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஐயா நிற்கிறார். மறதி என்றால் கண் அலைபாயும், உதடு தேடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறார். "டொனால்டு" என்று எடுத்துக் கொடுத்தால் தலையை ஆட்டிவிட்டு மேலே போய்விடுகிறார்.

ஜெபிஷா கூப்பிட்டாள். படிவத்தை மெயிலில் அனுப்பிவிட்டாளாம். அப்பாவைக் கேட்காமல் எப்படி என்றேன். அதற்கு என்னவெல்லாமோ சொன்னாள்.

"எம்மா, இந்த வருஷம் ஆறாம் வகுப்புல ஒரு பிள்ள சேந்திருக்கு. த. ரோஷ்னி. அசெம்பிளில பரிசு குடுக்கும்போது த. ஜெபிஷா, த. ரோஷ்னின்னு அடுத்தடுத்து வாசிச்சாங்க. எல்லாரும் சிரிக்காங்க. சாயங்காலம் அவளக் கூட்டிட்டுப் போக பைக்ல யாரு வாராங்கன்னு நெனைக்க?"

சிக்னல் போய்விட்டது. அடுக்களை ஜன்னலோரம்தான் நின்றிருந்தேன்.

ஜூலை 7, திங்கள்

மாத்திரை டப்பாவைத் தப்பாக அடுக்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அறையில் புதன்கிழமை மாத்திரை. நல்ல வேளை, கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். பதினாறு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். ஈரப் புல்லில் சக்கர நாற்காலியைத் தள்ளுவது லேசா? கொசுவில் பாதிகூட இல்லாத ஒரு பூச்சி, கூட்டம் கூட்டமாக முகத்தில் அப்புகிறது. சுவரோரம் சாய்ந்து நின்ற ஒரு கல்லின் முன்னால் நிறுத்தச் சொன்னார். எழுத்து பாதி தேய்ந்திருந்தது. விரலால் தடவி வாசித்துக் காட்டினார்.

நீல். 1751-இல் இறந்தார். வயது 57.

மாத்திரைக் கணக்கு பார்த்துப் பார்த்து எனக்குக் கழித்தல் தானாக வரும். பிறந்தது 1694. நான் மனப்பாடம் செய்யும் குடும்பப் புத்தகத்தில் டொனால்டு கடலில் முழுகிச் செத்த வருஷம் 1691. ஒரு தடவைக்கு இரண்டு தடவை கழித்துப் பார்த்தேன்.

"ஐயா, பிள்ள மூணு வருஷம் கழிச்சுல்லா பெறந்திருக்கு."

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றார். "கல்லுல இன்னும் ஒரு வரி இருக்கு. நீல், மோராக் மகன். மோராக்குங்கிறது டொனால்டு பொண்டாட்டி. தகப்பன் பேரு எந்தக் கல்லுலயும் கெடையாது. யாருக்கும் தெரியாது. எங்க தாத்தா புஸ்தகம் அச்சடிக்கும்போது டொனால்டுன்னு போட்டுட்டாரு. நானும் எங்கப்பனும் அதையே சொல்லிட்டு வந்தோம்."

"அந்த அம்மாவ ஊருல சும்மா விட்டாங்களா?"

"வையாம இருப்பாங்களா? புருஷன் தம்பிமாரு ரெண்டு தடவ ஆள் கூட்டிட்டு வந்து வாசல்ல நின்னிருக்கானுவ. அவ கதவத் தெறக்கல. இருபது வருஷம் இந்த எடத்தப் பிடிச்சு வச்சிருந்து மகன் கையில குடுத்தா. டொனால்டு ரத்தம் எங்க ஒடம்புல ஒரு சொட்டு கெடையாது."

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு என்றேன். முந்நூறு வருஷமாக மூடியிருப்பதை இனிமேல் கிளறி யாருக்கு என்ன லாபம், டொனால்டு என்றே சொல்லுங்கள் என்றேன். நான் அவ்வளவு வேகமாகப் பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. குளிருகிறது, வீட்டுக்குப் போவோம் என்றார் அவர்.

ஜூலை 21, திங்கள்

இஷ்பெல் பதினைந்து பெயரையும் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தாள். ஒன்பதாவது டொனால்டு. அப்பாவின் தயக்கம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"எழுதினது எழுதினபடி இருக்கட்டும் பியூலா. அவர் என்ன சொன்னாலும் நீ டொனால்டுன்னே எடுத்துக் குடு. எத்தனையோ நாட்டுல இருந்து வந்து நிக்கிறவங்க முன்னால நம்ம வீட்டுக் கதை எதுக்கு?"

சரி என்றேன். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

கைப்பையிலிருந்து புது டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு முப்பத்து நாலு வருஷம் புருஷன் பெயரோடு இருந்தவள். தலைவியாக வேண்டுமென்றால் குலப் பெயர் இருந்தாக வேண்டும் என்பதால் போன மாதம் மெக்டோரினாக மாறிவிட்டாளாம். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "அவருக்கென்ன, அவர் பேரு அவர்கிட்டதானே இருக்கு" என்று சிரித்தாள்.

ஜூலை 28, திங்கள்

ஜெபிஷாவிடமிருந்து மெசேஜ். "17 நாள்." வேறு ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

"16" வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை. நானாகக் கூப்பிட்டேன். எடுத்தாள்.

"எம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். சத்தியமா சொல்லு. அவரு மஸ்கட்ல இல்லன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"படிக்கிற வழியப் பாருளா."

"தெரியும். அப்போ தெரியும்." அழுதாளா என்று தெரியவில்லை. "நானும் ஆறு வயசுல இருந்து எல்லார்ட்டயும் மஸ்கட், மஸ்கட்னு சொல்லிட்டு இருக்கேன்ம்மா. எனக்குச் சலிச்சு மடுத்துப் போச்சு."

எனக்கு மட்டும் மடுக்கவில்லையா? ஆனால் அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது. சர்ச்சில், கல்யாணப் பத்திரிகைகளில், ரேஷன் கார்டில், இந்த ஏஜென்சிப் படிவத்தில், எல்லா இடத்திலும் நான் திருமதி தங்கதுரை. அந்த ஒரு எழுத்தை நானே கையெழுத்துப் போட்டு எடுத்துவிட்டால் அவர் போய்விட்டார் என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. சாயர்புரத்தில் எங்கள் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

கூட்டம் முடிந்தது. கால் இரண்டும் வீங்கிவிட்டது. சாயங்காலம் ஆறு மணி, வெயில் இன்னும் இறங்கவில்லை. ஐயா தூங்குகிறார். நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கட்டம் போட்ட பாவாடை கட்டின ஆண்கள் நானூறு பேருக்கு நடுவில் சேலை கட்டின ஒருத்தி. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். குழல் வாசிப்பு நின்றது. ஐயாவை இஷ்பெல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து நிறுத்தினோம். பிறகு அவள் விலகிக்கொண்டாள். இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி நான் பின்னால் நின்றேன். மற்றொரு கையில் தாள்.

நன்றாகத்தான் சொன்னார். யூவன், ஆர்ச்சிபால்டு, லாக்லன், எல்லோரும் வரிசையாக வந்தார்கள். ஹியூ வந்தார். "ஹியூ, நீல் மகன். நீல்..." என்று நிறுத்தினார்.

காற்றுச் சத்தம் மட்டும்தான். நான் "டொனால்டு" என்றேன். அவர் பேசவில்லை. காது கேட்கவில்லையோ என்று கொஞ்சம் சத்தமாக "டொனால்டு" என்றேன். முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். மூன்றாவது தடவையும் சொன்னேன். அவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

"நீல், மோராக் மகன்" என்றார். மேட்டுக்குக் கீழே கடைசி ஆள்வரை கேட்கும்படி. பிறகு "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்காரப் பார்த்தார். எப்படியோ உட்கார வைத்தேன்.

இன்னும் ஆறு பெயர் பாக்கி. சனங்கள் காத்திருந்தார்கள். யாரோ ஒருவர் சிரித்தார். இஷ்பெல் முன்னால் வந்து, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, பக்கவாதத்துக்குப் பிறகு ஞாபகம் குழம்புகிறது, மன்னிக்கவும் என்றாள். உடனே எல்லோரும் கை தட்டினார்கள். பாவம், பாவம் என்று தட்டினார்கள். ஐயா அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எண்பத்து நாலு வயதில் ஒரு உண்மையைச் சொன்னார், அதை நோய் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மூன்று தடவை டொனால்டு என்று சொன்னவள் நான்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலைக் கஞ்சி கொடுக்கும்போது, சும்மா கேட்பதுபோல, டொனால்டு யார் மகன் என்று கேட்டேன். டொனால்டிலிருந்து ஆரம்பித்து மிச்சம் ஆறு பெயரையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். பிறகு, கஞ்சியில் உப்பு இல்லை என்றார்.

"நேத்து ஏன்யா நிறுத்துனீங்க?"

"கதவத் தெறக்காம நின்னவ அவ. பேரு வாங்கிட்டுப் போனவன் டொனால்டு. சாகதுக்குள்ள ஒரு தடவையாவது சரியாச் சொல்லணும்னு தோணிச்சு." கொஞ்சம் கழித்து, "ஒனக்குக் கஷ்டமாப் போச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்று பொய் சொன்னேன்.

பதினோரு மணிக்கு இஷ்பெல் வந்தாள். அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நேற்றைய குறிப்பேட்டில் மனநிலை என்ற இடத்தில் 'குழப்பம்' என்று எழுதச் சொன்னாள். குலத்தின் பத்திரிகைக்காரர் விசாரிக்கிறாராம், காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டுமாம். மிரட்டவில்லை. கெஞ்சினாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளும் தூங்கியிருக்கவில்லை.

எத்தனையோ வீட்டில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். சாப்பிடாதவரைக் கொஞ்சம் சாப்பிட்டார் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் இது வரவில்லை.

"அம்மா, அவர் தெளிவாத்தான் இருந்தாரு. குழம்புனது நம்ம ரெண்டு பேரும்தான்" என்றேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. அந்த அளவுக்குக் களைத்துவிட்டேன்.

இஷ்பெல் தன் காரில் ஏறிப் போய்விட்டாள். நான் குறிப்பேட்டை எடுத்து எழுதினேன். மனநிலை: தெளிவு. ஒன்பது பெயர் சொன்னார். மீதி ஆறும் அவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஏஜென்சியிலிருந்து போன் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஐயாவுக்குத் தலை கழுவிவிட்டேன். துணி துவைத்தேன். வாளிகளைக் காலி செய்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ரோஷ்னிக்குப் பதினோரு வயது. பதினொன்றை இப்போது கழிக்கிறேன். 2014. அவர் மஸ்கட் போகிறேன் என்று பெட்டி கட்டின வருஷம். பெட்டியைக் கட்டிக் கொடுத்தது நான். இரண்டு கைலி, முறுக்கு ஒரு டப்பா. அவர் போனது மஸ்கட்டுக்கு இல்லை, இன்னொருத்தி வீட்டுக்கு என்று மூன்று மாதத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் எல்லோரிடமும் மஸ்கட் என்று சொல்ல ஆரம்பித்தேன். இதை இதுவரை எந்த நோட்டிலும் எழுதியதில்லை. எழுதியதும் நெஞ்சு லேசாகும் என்பார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. தலைதான் வலிக்கிறது.

மத்தியானம் ஐயா தூங்கும்போது ஆபீஸ் அறையில் படிவத்தை அச்செடுத்தேன். பழைய பெயர், புதுப் பெயர். காரணம் என்ற இடத்தில் 'வளர்ப்பது தாய்' என்று எழுதினேன். அடியில் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினேன். ஊரில் சாயங்காலம் ஏழு மணி.

ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து எடுத்தேன்.

"என்னளா, சரியாத்தான போட்டிருக்கேன்?"

"எம்மா" என்றாள். "கீழ கையெழுத்தப் பாரு."

பார்த்தேன். த. பியூலா. பத்தொன்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது. அவர் எழுத்தை எடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்த தாளில் அவர் எழுத்தையே முன்னால் வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தோம். எப்போது அழ ஆரம்பித்தோம் என்று தெரியவில்லை.

"அது செல்லும்மா. ஒன் பாஸ்போர்ட்ல அப்படித்தான இருக்கு. செல்லும், விடு" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

"செல்லட்டும். இது ஒனக்கு" என்றேன். "இனிஷியல மாத்த பெரியவங்களுக்கும் ஒரு படிவம் இருக்குமே. அதையும் அனுப்பு."